மாஸ்டா எம்எக்ஸ்-5: ரோல் பாரும் ரேஸிங் சீட்டும் பொருத்தும்போது எழும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

1989-ஆம் ஆண்டு சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை, நான் வசிக்கும் கனடாவில் மியாட்டா என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறைகளும் அமைப்பில் ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டே இருக்கைகள், மடிக்கக்கூடிய துணிக்கூரை. கார் உருண்டால் தலைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே முன்கண்ணாடிச் சட்டம் மட்டுமே மிஞ்சும், அது காரின் எடையைத் தாங்கும் என்று நம்புவதற்கில்லை. ஆகவே, சொந்தக் காரைப் பந்தயத்தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்களை நடத்துவோர் பலர், கூரையற்ற கார்களுக்கு ரோல் பார் (இருக்கைகளுக்குப் பின்னால் தலைக்கு மேலே வளைந்து நிற்கும் எஃகுக் குழாய்ச் சட்டம்) இல்லாமல் அனுமதி தருவதில்லை.

வெல்டிங் இல்லாமல் போல்ட் மூலம் பொருத்தும் ரோல் பாரையும், அதனுடன் ஓர் உறுதியான ஓடு கொண்ட ரேஸிங் சீட்டையும் வாங்கி, வீட்டிலேயே பொருத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கிய 1994-ஆம் ஆண்டுக் காரில் முந்தைய உரிமையாளர் ஒரு பட்டறையில் கொடுத்து ரோல் பார் போட்டிருந்தார். வாங்கிய மறு வாரம் சும்மா கைவைத்துப் பார்த்தபோது, பாரின் வளைவைப் பின்னாலிருந்து தாங்கும் பின்தாங்கிக் குழாயின் போல்ட் ஒன்று விரலாலேயே சுழன்றது. அதற்கான காரணத்தைத் தேடிப் போனதில் கற்றவையே கீழே உள்ளவற்றில் பாதி.

அறிகுறிகளுக்குப் போவதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. முதலாவது, பேட்டரி. இந்தக் கார்களில் அது பின்பக்க டிக்கியில் இருக்கிறது. எந்த வேலையையும் தொடங்குமுன் அதன் எதிர்மின்முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, பெட்ரோல் டேங்க். பலரும் அது டிக்கிக்கு அடியில் இருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அது இருக்கைகளுக்கு நேர் பின்னால், அங்கே மேடாக இருக்கும் பின்திட்டின் தகட்டுக்கு அடியிலேயே அமர்ந்திருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் குழாயும் இடதுபுறப் பின்பகுதியில் அருகிலேயே இறங்குகிறது. ட்ரில் பிட்டின் நுனியிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி ஒரு நிறுத்துவளையத்தைப் போடாமல், தகட்டின் மறுபுறத்தைக் கண்ணால் பார்க்காமல், பின்திட்டில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. தயாரிப்பாளரின் குறிப்பேடு டேங்கை இறக்கச் சொன்னால் இறக்கியே ஆக வேண்டும். அதில் நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பது விபரீதம்.

பாரின் பாதத்தகடு தரையில் சமமாக உட்காரவில்லை

ஒரு மூலையில் விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். போல்ட்டை இறுக்கினால் அது மூடிக்கொள்வதுபோல் தோன்றுவதால் பெரும்பாலோர் அப்படியே இறுக்கிவிடுகிறார்கள். என் காரில் நடந்திருந்தது இதுதான். பாதத்தகட்டுக்கும் காரின் தகட்டுக்கும் நடுவே கார்பெட்டும், அதற்கடியில் சத்தத்தைக் குறைக்க ஒட்டப்பட்ட தார்த்தாளும் சேர்ந்து நசுங்கிக் கிடந்தன. இறுக்கிய அன்று டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து, குறித்த அளவு வந்ததும் கிளிக் என்று ஒலிக்கும் ரெஞ்ச்) சரியான அளவைக் காட்டியிருக்கும். ஆனால் கார்பெட்டும் தாரும் வெயிலிலும் அதிர்விலும் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். அவை எவ்வளவு அமுங்கினவோ அவ்வளவுக்குப் போல்ட்டின் இழுவிசை போய்விடும். இரும்பும் இரும்பும் நேரடியாகச் சேராத இடத்தில் எந்தப் போல்ட்டும் நிலைத்து நிற்காது.

பாதத்தகட்டின் உருவத்தைக் கார்பெட்டின் மேல் சாக்பீஸால் வரைந்து, சுற்றிலும் 5 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுக் கூரிய கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். தார்த்தாளை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் இளக்கிச் சுரண்டலாம். கனடாவின் ஜனவரியில் கராஜ் கதவைத் திறந்து வைத்தாலே போதும், குளிரில் விறைத்த தாள் உளியின் ஒரு தட்டுக்கு ஓடுபோல உடைந்து வந்துவிடும். தகட்டின் இணைப்புகளில் பூசிய அடைப்புப் பசை மேடு கட்டியிருந்தால் அதையும் சமன் செய்ய வேண்டும். வெறும் உலோகம் தெரியும் இடமெல்லாம் துருத்தடுப்புப் பூச்சு ஒரு கோட் அடித்து, முழுதும் காய்ந்த பிறகே பாரை உட்காரவைக்க வேண்டும்.

கார்பெட்டை வெட்டாமல் அதன் வழியே துளையிடுவது இன்னொரு பழைய தவறு. பிட் கார்பெட்டின் இழையைப் பிடித்தால், ஸ்வெட்டரின் நூல் பிரிவதுபோல ஒரு வரி முழுவதும் உருவிக்கொண்டு பிட்டைச் சுற்றிப் பந்தாகிவிடும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் ட்ரில்லைப் பிடித்திருக்கும் மணிக்கட்டு திருகிக்கொள்ளும்.

கீழ்ப்பக்கமும் இதே அளவுக்கு முக்கியம். காரின் தகடு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின் தடிமன்தான். வெறும் வாஷரை வைத்து இறுக்கினால், உருளும்போது நட்டு தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் (எஃப்ஐஏ) விதிகள் முதன்மை வளைவின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட வலுவூட்டுத் தகட்டையும், அதில் குறைந்தது மூன்று எம்8 (8 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டுகளையும் கேட்கின்றன. பின்தாங்கிக் குழாய்களுக்கு 60 சதுர சென்டிமீட்டரும் இரண்டு போல்ட்டுகளும் போதும். நீங்கள் அந்த விதியின்கீழ் போட்டியிடாவிட்டாலும், உங்கள் பெட்டியில் வந்த அடித்தகடுகள் தக்கவைதாமா என்று எடைபோட இது நல்ல அளவுகோல்.

மூன்று கால்கள் சரியாக அமர்ந்தும் நான்காவது காலின் துளை நேர்ப்படவில்லை

வரிசை தவறியதுதான் காரணமாக இருக்கும். ஒரு காலை முழுதும் இறுக்கிய பிறகு அடுத்த காலுக்குப் போனால், பார் அந்தப் பக்கமாக இழுபட்டு, கடைசித் துளை 3 அல்லது 4 மில்லிமீட்டர் விலகிவிடும். துளையை அகலப்படுத்தத் தோன்றும். அதைச் செய்யாமல், எல்லாப் போல்ட்டுகளையும் கையால் சுழலும் அளவுக்குத் தளர்த்திவிட்டு, பாரின் உச்சியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டி, அதைத் தானாக ஓர் இடத்தில் அமரவிட வேண்டும். முதலில் முதன்மை வளைவின் இரு கால்களையும் மாறி மாறி, அதன்பின் பின்தாங்கிகளை என்று மூன்று சுற்றாக இறுக்கினால் பெரும்பாலும் நேர்ப்பட்டுவிடும். விபத்தில் சிக்கிச் சரிசெய்யப்பட்ட காராக இருந்தால் நேர்ப்படாமலேயே போகலாம். அப்போது சீட் பெல்ட்டைத் தாங்கி நிற்கும் இரு கோபுரங்களுக்கும் இடையிலான தூரத்தை மூலைக்கு மூலை அளந்து பார்ப்பது நல்லது. கார் கோணியிருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

டார்க் ரெஞ்ச் கிளிக் என்று சொல்ல மறுக்கிறது

போல்ட் சுழல்கிறது, ஆனால் இறுக்கம் ஏறவில்லை. இந்த நிலையில் இன்னொரு அரைச்சுற்று போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையை அடக்கி, உடனே நிறுத்த வேண்டும். நான்கு காரணங்கள் இருக்கலாம்.

போல்ட் நீண்டுவிட்டிருக்கலாம். கழற்றி, புதிய போல்ட் ஒன்றின் மரையோடு மரையை வைத்துப் பார்த்தால் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நடுவில் விலகுவது தெரியும். போல்ட்டின் தலையில் அதன் வலிமையைக் குறிக்கும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பளபளப்புக்காகத் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைகளில் கிடைக்கும் ஏ2-70 வகையின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 8.8 வகைக்கு அது 800. தவிர, துருப்பிடிக்காத எஃகு தன் மரையிலேயே ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் குணமும் உடையது.

இரண்டாவது, உள்ளீடற்ற பெட்டிப் பகுதியின் வழியே போல்ட்டைச் செலுத்தியிருக்கலாம். இருபுறத் தகட்டுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால், இறுக்க இறுக்கத் தகடுதான் உள்வாங்கும். அந்த இடத்தில் போல்ட் நுழையும் அளவுள்ள தடித்த எஃகுக் குழாய்த்துண்டு ஒன்றை இரு தகடுகளுக்கும் நடுவே நிறுத்த வேண்டும். இது இல்லாத இணைப்பில் டார்க் அளவு என்ற பேச்சுக்கே பொருளில்லை.

மூன்றாவது துரு. குளிர்காலச் சாலைகளில் உப்பு தூவும் ஊர்களில் ஓடிய கார்களில், அடித்தகடு அமரும் இடம் மேலே வண்ணத்துடன் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அப்பளமாக இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள்; நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துருவேறியது மொத்தென்று விழுங்கும். அப்படிப்பட்ட காரில் முதல் வேலை தகட்டை மாற்றுவதுதான்.

நான்காவது, சீட் பெல்ட் கோபுரத்தில் தவறான போல்ட். பெல்ட்டின் நங்கூரப் போல்ட்டுகள் ஜப்பானிய கார்களிலும் 7/16 அங்குல, அங்குலத்துக்கு 20 மரை கொண்டவை, மெட்ரிக் அல்ல. பாரின் தகடு நடுவில் வருவதால் நீளமான போல்ட் தேவைப்படும்போது கையில் கிடைத்த எம்10 போல்ட்டைச் செருகினால், அது உள்ளே போகும், சுழலும், எதையும் பிடிக்காது.

குறிப்பேட்டில் அளவு தரப்படாத இடங்களில், உலர்ந்த 8.8 வகை எம்8 போல்ட்டுக்கு ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டரும் எம்10-க்கு ஏறக்குறைய 50-ம் பொதுவான அளவுகள். 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒரு முறையும், முதல் பந்தயத்தள நாளின் மதியத்தில் ஒரு முறையும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு வண்ணக்கோடு போட்டுவைத்தால், அடுத்த முறை டார்ச் அடித்துப் பார்த்தாலே நகர்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பழைய சீட் பெல்ட்டை இழுத்தால் வரவில்லை

பார் பொருத்திய அன்று மாலையே தெரியும் கோளாறு இது. பெல்ட் சுருளிக்குள் சாய்வை உணரும் சிறு குண்டோ ஊசலோ இருக்கிறது. கார் சாயும்போதும் திடீரென நிற்கும்போதும் பெல்ட்டைப் பூட்டுவது அதன் வேலை. பாரின் தகட்டுக்கு இடம் விடுவதற்காகச் சுருளியைச் சில டிகிரி சாய்த்துப் பொருத்தினால், கார் கவிழ்ந்துவிட்டது என்றே அது கருதும். போல்ட்டைத் தளர்த்தி, சுருளியைக் கையால் முன்பிருந்த நிலைக்குத் திருப்பிக்கொண்டே பெல்ட்டை மெல்ல இழுத்தால் எந்தக் கோணத்தில் அது விடுபடுகிறது என்று தெரியும். அந்தக் கோணத்தில் பிடித்தபடியே இறுக்க வேண்டும். சுருளியைத் திறந்து குண்டை எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவரிடமிருந்து உங்கள் கருவிப்பெட்டியைத் தள்ளியே வையுங்கள்.

கூரை முன்கண்ணாடிச் சட்டத்தை எட்டவில்லை, அல்லது பின்கண்ணாடி உரசுகிறது

பார் பொருத்துவதற்காகக் கூரைச் சட்டத்தின் பக்கத்துக்கு மூன்று போல்ட்டுகளைக் கழற்றியிருப்பீர்கள். திரும்பப் போடும்போது அவற்றைத் தளர்வாக விட்டு, கூரையை முன்னால் இழுத்துக் கொக்கியை மாட்டிய நிலையிலேயே இறுக்குவதுதான் சரி. முதல் தலைமுறையின் கூரையில் பிளாஸ்டிக் பின்சாளரம் ஜிப்புடன் வருகிறது. பார் உள்ள காரில் ஒவ்வொரு முறையும் ஜிப்பைத் திறந்து சாளரத்தைப் படுக்கவைத்த பிறகே கூரையை மடிக்க வேண்டும், இல்லையேல் குறுக்குக் குழாயில் மடங்கி வெடித்துவிடும். இரண்டாம் தலைமுறைக்கு ஜிப் இல்லாத கண்ணாடிச் சாளரம் என்பதால், எல்லாப் பார்களும் அதற்கு ஒத்துவருவதில்லை. இதை வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மழைக்குப் பின் இருக்கைக்குப் பின்னாலுள்ள கார்பெட் நனைந்திருக்கிறது

பாரின் துளைகளைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகிப்பார்கள். அவை பெரும்பாலும் குற்றமற்றவை. இந்தக் காரில் கூரைத்துணியின் பின்விளிம்பு ஒரு பிளாஸ்டிக் மழைவாய்க்காலில் முடிகிறது. அதில் சேரும் நீர் இருபுறமும் சீட் பெல்ட் கோபுரங்களின் அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியே கீழே இறங்கிவிட வேண்டும். பார் பொருத்தும்போது அந்த வாய்க்காலைப் பிடித்திருக்கும் 10 மில்லிமீட்டர் நட்டுகளைக் கழற்றுகிறோம். முப்பது வயதான பிளாஸ்டிக் அப்போதே விரிசல் விடும். அல்லது துளையிட்ட இரும்புத்தூளும் வெட்டிய கார்பெட் துண்டும் வடிகாலை அடைத்துவிடும்.

ஒரு தேநீர்க் கோப்பை அளவு நீரைக் கோபுரத்துக்கு அருகில் ஊற்றி, காரின் அடியில் பின்சக்கரத்துக்கு முன்னால் அது சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டாவிட்டால், கழிவுக்குழாய்க்குப் பயன்படும் வளையும் நைலான் இழையை மெதுவாக நுழைத்துத் துழாவலாம். அழுத்தக்காற்றை மேலிருந்து அடித்தால், வடிகால் குழாய் தன் பிடியிலிருந்து கழன்று உடலுக்குள்ளேயே விழுந்துவிடக்கூடும். பிறகு நீர் முழுவதும் கதவுக்கடியிலுள்ள பெட்டித்தகட்டுக்குள் போய், அதை உள்ளிருந்தே அரிக்கும். இந்தக் கார்கள் சாவதே அங்கிருந்துதான்.

சீட் உள்ளே இறங்கவில்லை, அல்லது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

கதவு வாசற்படிக்கும் கியர்ப்பெட்டி மேட்டுக்கும் நடுவே உள்ள இடம் மிகக் குறுகல். சீட்டின் அகலம் என்று விளம்பரத்தில் தரப்படுவது சில வேளை தோள்பகுதியின் அகலமாகவும், சில வேளை இடுப்புப்பகுதியின் உள்ளளவாகவும் இருக்கும். நமக்குத் தேவை பக்கவாட்டுப் பிராக்கெட்டுகளையும் போல்ட் தலைகளையும் சேர்த்த மொத்த வெளியளவு. அட்டைப்பெட்டியை அந்த அளவில் வெட்டி, காருக்குள் வைத்து, கதவை மூடி, கியரை எல்லா நிலைகளுக்கும் போட்டுப் பார்த்த பின்பே பணம் கட்டுங்கள்.

சீட் சாய்ந்து நிற்பதற்குக் காரணம், தரையின் நான்கு பொருத்துமிடங்களும் ஒரே உயரத்தில் இல்லாததே. காருடன் வந்த தயாரிப்புச் சீட்டின் கால்கள் அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடி வளைக்கப்பட்டவை. பொதுவான தட்டைப் பிராக்கெட்டுகள் அப்படியல்ல. எஃகு இடைத்தகடுகளை வைத்து நான்கு மூலைகளையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாமல் போல்ட்டின் வலிமையால் பிராக்கெட்டை வளைத்து இறுக்கினால், சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்லைடர் முறுக்கிக்கொண்டு அடுத்த கோளாறாகத் திரும்பி வரும்: சீட் நகர மறுக்கும், அல்லது ஒரு பக்கப் பல் மட்டும் பூட்டிக்கொண்டு மறுபக்கம் சும்மா நிற்கும். பின்னது பேராபத்து. ஸ்லைடரை நடுநிலையில் வைத்து, இரு தண்டவாளங்களும் இணையாக உள்ளனவா என்று முன்னும் பின்னும் அளந்து, அதன்பின் இறுக்கி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு பக்கமும் கிளிக் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். ஓட்டுபவர் ஒருவரே என்றால் ஸ்லைடரே வேண்டாம் என்பது என் கருத்து. உயரமும் குறையும், ஆட்டமும் ஒழியும்.

சர்வதேச விதிப்படி சீட் தாங்கிகள் எஃகில் 3 மில்லிமீட்டரும் இலகு உலோகக் கலவையில் 5 மில்லிமீட்டரும் தடிமன் கொண்டிருக்க வேண்டும். சீட்டைத் தாங்கியோடு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு இடங்களில் எம்8-க்குக் குறையாத போல்ட்டுகள் பிடிக்க வேண்டும். சீட்டின் மரைக்குள் போகும் போல்ட் சரியான நீளமா என்பதைக் களிமண் உருண்டை ஒன்றை உள்ளே வைத்துச் சோதிக்கலாம். நீளம் மிகுந்த போல்ட் அடியில் முட்டிக்கொண்டு, இறுக்கமானதுபோல் நடித்து ஏமாற்றும்.

தரையிலுள்ள சீட் போல்ட் முடிவில்லாமல் சுழல்கிறது

தகட்டுக்கு அடியில் வெல்டிங் செய்யப்பட்ட நட்டு கழன்றுவிட்டது. துருவேறிய போல்ட்டை வெறும் பலத்தால் திருப்பியதன் விளைவு. முந்தைய இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தால் பத்தில் ஒன்பது முறை இது நேராது. நேர்ந்துவிட்டால், போல்ட் தலையின் அடியில் இரண்டு நெம்புகோல்களை எதிரெதிராகக் கொடுத்து மேல்நோக்கி இழுத்துப் பிடித்தபடி திருப்பினால், கழன்ற நட்டு தகட்டில் உராய்ந்து சில சமயம் பிடி கொடுக்கும். இல்லையேல் தலையை அறுத்தெடுத்து, பெட்டிப் பகுதியைத் திறந்து, புதிய நட்டை முழுச்சுற்றும் வெல்டிங் செய்ய வேண்டும். ரிவெட் போல அமுக்கிப் பொருத்தும் நட்டுகள் விசிறி மூடிக்கும் எண்பலகைக்கும் ஏற்றவை. உயிரைத் தாங்கும் சீட்டுக்கு அல்ல.

ஏர்பேக் விளக்கு அணையவில்லை

முதல் தலைமுறையில் சீட்டுக்கும் ஏர்பேக்குக்கும் தொடர்பில்லை. அந்தக் காரின் சீட்டிலிருந்து வரும் கம்பிகள் தலையணையில் உள்ள ஸ்பீக்கர்களுக்கும் பெல்ட் பக்கிளுக்கும் உரியவை. பின்னால் வந்த கார்களில் பெல்ட்டை முன்கூட்டியே இறுக்கும் வெடிகருவியும், மூன்றாம் தலைமுறையில் சீட்டுக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக்கும் உண்டு. கழற்றிய இணைப்பைத் திரும்பச் செருகாததே பெரும்பாலும் காரணம். மின்தடை ஒன்றைச் செருகி விளக்கை அணைப்பது எளிது. ஆனால் அப்படிச் செய்த காரைப் பின்னாளில் வாங்குபவர், இல்லாத ஏர்பேக்கை இருப்பதாக நம்பி ஓட்டுவார். பக்கிள் பழைய சீட்டின் உட்பக்கத்தில் இருந்ததால், புதிய பிராக்கெட்டில் அதற்கான துளை இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஹெல்மெட் பாரின் கோட்டுக்கு மேலே தெரிகிறது

பந்தயத்தளத்தின் வாயிலில் பலரைத் திருப்பி அனுப்புவது இந்த ஒன்றுதான். பரிசோதகர் ஒரு நேரான கட்டையின் ஒரு முனையைப் பாரின் உச்சியிலும் மறுமுனையை முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலும் வைப்பார். ஹெல்மெட் அந்தக் கட்டையைத் தொடக் கூடாது. சில மன்றங்கள் பாரின் உச்சிக்குக் கீழே இரண்டு அங்குலம், அதாவது சுமார் 50 மில்லிமீட்டர், இடைவெளி கேட்கின்றன. வீட்டில் துடைப்பக் கட்டையே போதும், ஆனால் ஹெல்மெட்டை அணிந்து, ஹார்னஸை (தோளிலும் இடுப்பிலும் பட்டைகள் கொண்ட பந்தய பெல்ட்டை) முழுதும் இறுக்கி, முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகு இன்னொருவர் அளக்க வேண்டும். நான் முதன்முறை தனியாக, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, கழுத்தைச் சற்றுக் குனிந்தபடி அளந்து, தேறிவிட்டேன் என்று மகிழ்ந்தேன். என் மனைவி பிடித்த கட்டை ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தது.

தயாரிப்புச் சீட்டையே வைத்திருப்பவர்கள், அடிப்பகுதியின் உறையைத் திறந்து இடுப்பெலும்பு அமரும் இடத்தின் நுரையை வெட்டியெடுத்து ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்கலாம். இந்தக் காரை ஓட்டும் நெட்டையர்கள் காலங்காலமாகச் செய்துவருவது இது. ரேஸிங் சீட்டில் ஸ்லைடரை நீக்குவதும், பிராக்கெட்டின் கீழ்த்துளைக்கு மாறுவதும் வழிகள். சீட்டைப் பின்னால் சாய்த்து உயரத்தைக் குறைப்பது ஓரளவுக்குத்தான் சரி. மிகச் சாய்ந்தால் தலை பாரின் குழாயை நெருங்கும், தோளின் மேல் வரும் ஹார்னஸ் பட்டையின் கோணமும் கெடும். எதுவும் போதவில்லை என்றால் அந்தப் பார் உங்களுக்கு உரியதல்ல, உயரமான ஒன்றை வாங்க வேண்டும்.

குழாயின் மேல் சுற்றும் உறை பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். பந்தயப் பாதுகாப்புப் பொருள்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான எஸ்எஃப்ஐயின் 45.1 தரத்துக்கு உரிய உறை கல்போல் கடினமானது, ஹெல்மெட் அணிந்த தலைக்காக உருவாக்கப்பட்டது. குழாய்க்கடையில் கிடைக்கும் கறுப்பு நுரை ஒரு மோதலுக்கே தட்டையாகிவிடும். சாலையில் வெறுந்தலையுடன் ஓட்டுபவருக்கு, நல்ல உறை போட்ட பாரும் ஓர் இரும்புக் குழாய்தான். ஆகவே தலைக்கும் அதற்கும் நடுவே உள்ள தூரமே உண்மையான பாதுகாப்பு.

ஹார்னஸ் தோளிலிருந்து வழுக்குகிறது, அல்லது முதுகை அழுத்துகிறது

வழுக்கினால், இரண்டு பட்டைகளும் பின்னால் மிக அகலமாகப் பிணைக்கப்பட்டுள்ளன என்று பொருள். குறுக்குக் குழாயில் அவற்றை நெருக்கமாக்க வேண்டும். முதுகை அழுத்தினால், பிணைப்பிடம் தாழ்வாக இருக்கிறது. மோதலின்போது அந்தப் பட்டை தோளைப் பின்னால் இழுப்பதற்குப் பதிலாக முதுகெலும்பைக் கீழ்நோக்கி நசுக்கும். சர்வதேச விதி கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிவரை கீழ்நோக்கிச் செல்ல அனுமதித்தாலும் 10 டிகிரிக்கு மேல் போகாமலிருக்கவே பரிந்துரைக்கிறது. பழைய சீட்டின் பின்னாலுள்ள தரைத்துளையில் தோளின் மேல் வரும் பட்டையை மாட்டுபவர்கள் 45-ஐயும் தாண்டிவிடுகிறார்கள். இடுப்புப் பட்டைகளைச் சீட்டிலோ அதன் தாங்கியிலோ பிணைக்கக் கூடாது. அவை காரின் உடலிலேயே பிணைய வேண்டும்.

பட்டையைக் குழாயில் சுற்றும்போது மூன்று கம்பிக் கொக்கியின் வழியே சென்று, குழாயைச் சுற்றி, மறுபடியும் அதே கொக்கிக்குள் திரும்பி வந்து, 10 சென்டிமீட்டர் வாலாவது எஞ்ச வேண்டும். கொக்கி குழாயை ஒட்டியே இருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் நுழைத்த பட்டை கையால் இழுக்கும்போது உறுதியாகவே தெரியும், மோதலில் வழுக்கிவிடும்.

திருப்பங்களில் முதுகுக்குப் பின்னால் கிறீச்சொலி

அமைதியான சாலையில் ஒருவரை ஓட்டவிட்டு, நீங்கள் பக்கத்துச் சீட்டில் அமர்ந்து கையை ஒவ்வொன்றாக வைத்துத் தேடுங்கள். சீட்டின் ஓடு பாரின் தாங்கிக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு தாளை நடுவே செருகி இழுத்தால் தெரிந்துவிடும். குறைந்தது ஒரு விரல் இடைவெளி வேண்டும். டொக் டொக் என்று மேடுபள்ளத்தில் மட்டும் கேட்டால், சக்கர வளைவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் நுனி டயரைத் தொடுகிறதா என்று டயரின் உட்பக்கத்தில் கீறலைத் தேடுங்கள். போல்ட்டின் தலை வெளிப்பக்கமும் நட்டு உள்பக்கமுமாக மாற்றிப் போட்டால் தீர்ந்தது. வண்ணக்கோடு விலகியிருந்தால் மேலே முதலில் சொன்ன கார்பெட் விவகாரத்துக்குத் திரும்புங்கள்.

எல்லாம் சரி, பரிசோதகர் மட்டும் ஏற்கவில்லை

ஹார்னஸ் பட்டையிலும் ரேஸிங் சீட்டிலும் தைத்த, ஒட்டிய லேபிளைப் படியுங்கள். எஃப்ஐஏ தரமுள்ள ஹார்னஸின் லேபிளில் எந்த ஆண்டுக்குப் பின் செல்லாது என்று அச்சிட்டிருக்கும்; எஸ்எஃப்ஐ 16.1 பட்டைகளுக்குத் தயாரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். ரேஸிங் சீட்டுகளில் எஃப்ஐஏவின் 8855-1999 தரத்துக்கு ஐந்து ஆண்டுகள், 8862-2009 தரத்துக்குப் பத்து. பழையதை மலிவாக விற்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காலம் முடியும் தறுவாயில்தான் விற்கிறார்கள், ஆகையால் பொருளின் புகைப்படத்துக்கு முன்னால் அந்த லேபிளின் புகைப்படத்தைக் கேட்டு வாங்குங்கள்.